வாசித்த தீர்ப்பு

— கதவைச் சாத்து, சாமி. தீர்ப்புத் தாள் மாறிப்போச்சு.

— என்ன தாள்? மூஞ்சியே வெளிறிப் போயிருக்கு. மொதல்ல உக்காரு, தாயே.

— இப்ப வாசிச்சுட்டு வந்தேனே, அந்தக் குழந்தை கேசு. நான் முடிவு பண்ணின தீர்ப்பு இந்தா, மேசையிலயே கெடக்கு. கோர்ட்டுல வாசிச்சது மத்தது.

— மத்ததுன்னா? ஒரு கேசுக்கு ஒரு தீர்ப்புதானே? நானும் பக்கத்துக் கோர்ட்டுல அதே வேலையைத்தானே பாக்குறேன்.

— எந்தக் கேசுன்னாலும் நான் ரெண்டு எழுதுவேன். இதுல பெத்தவ பக்கம் ஒண்ணு, வளத்தவ பக்கம் ஒண்ணு. எது நிக்குதுன்னு பாத்துட்டு இன்னொண்ணைக் கிழிச்சுப் போட்டுடுவேன். ஜட்ஜானதுலேருந்து அப்படித்தான்.

— இன்னிக்குக் கிழிக்கல.

— கிழிக்கல.

— சரி, புள்ள யாருக்குன்னு வாசிச்ச?

— வளத்த தையக்காரிகிட்டயே இருக்கட்டும்னு. சட்டப்படி பெத்தவகிட்ட போகணும்டா. தத்துன்னு எங்கயும் பதிவாகல. பதிவாகலைன்னா பெத்தவளுக்குத்தான் உரிமை. சட்டத்துல பிரிவுன்னா பிரிவுதான், அதுல ஒரு ஓட்டை கிடையாது.

— அட போம்மா! நல்லதுதானே நடந்திருக்கு? கைக்குழந்தையிலேருந்து தூக்கி வளத்தவகிட்டேருந்து ஆறு வயசுப் புள்ளையைப் பிடுங்கிக் குடுன்னு சொன்னா அது ஒரு சட்டமா? காலேஜ்லயே தொண்டை கிழியச் சொன்னேனே. அநியாயம்னா அது சட்டமே இல்ல, வெறும் மெரட்டல்.

— அதனாலதான் உனக்குச் சாமியார்னு பேரு வச்சோம்.

— உனக்குப் புத்தகம்னு. அட்டைக்கு அட்டை நடுவுல இருந்தா உண்டு, இல்லைன்னா உலகத்துலயே இல்ல.

— ஆமா, எழுதினதுதான் சட்டம். பிடிக்கலைன்னா எழுதினவங்க மாத்தட்டும். என் மனசுக்குப் பட்டதைச் சொல்லவா அந்த நாற்காலி? என் மனசு நல்ல மனசுன்னே வச்சுக்க. நாளைக்கு அதுல வந்து உக்கார்றவன் மனசு?

— நம்ம காலேஜ் செட்டுல சமையக்காரன்னு ஒருத்தனைக் கூப்பிடுவோமே, அவன் இருந்தா சிரிப்பான். எல்லா ஜட்ஜும் முடிவை மொதல்ல சமைச்சு எறக்கிட்டு, அப்புறந்தான் பிரிவைத் தேடிக் கெளம்புறாங்கம்பானே. நீ ரெண்டு பக்கமும் நிக்கிற மாதிரி எழுதிட்டேன்னாலே அவன் ஜெயிச்சுட்டான்.

— அதான்டா எனக்குப் பயமா இருக்கு. எப்பவும் ரெண்டாவதா எழுதுற தீர்ப்பு பாதியிலயே நொண்டும். இது நொண்டல. அதே சட்டத்தோட மொதல் பக்கத்துல குழந்தையோட நலன்தான் முக்கியம்னு போட்டிருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பிரிவாப் படிச்சா, வளத்தவ பக்கமும் நல்லாவே நிக்குது.

— அப்புறம் என்ன? கையெழுத்தைப் போட்டுட்டுச் சாப்பிட வா.

— வெளியில எட்டிப் பாரு.

— யாரு, அந்த பெஞ்சுல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளா?

— பெத்தவ. புள்ள கூடவே வந்துடும்னு செருப்பு வாங்கிட்டு வந்திருக்கா. கால் அளவு தெரியாம ரெண்டு சைசுல. காசநோய் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கொஞ்ச நாள் பாத்துக்கோன்னு குடுத்துட்டுப் போன புள்ள. தூக்கி எறிஞ்சுட்டுப் போகல. போ, போய் உன் நியாயத்தை அவகிட்டச் சொல்லு.

— இந்தா பாரு...

— சொல்லு சாமி.

— என்னால முடியாது.

— முடிவு பண்ணினதையே வாசிச்சிருந்தா நான் அவகிட்டப் பிரிவைக் காட்டியிருக்கலாம். இதுதாம்மா உன் உரிமைன்னு. அதை நம்பித்தான் அவ வக்கீல் வக்கீலா அலைஞ்சா.

— கையெழுத்து இன்னும் போடல, இல்ல?

— போடல.

— அப்ப மதியம் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, தாள் மாறிடுச்சுன்னு சொல்லித் திருத்திடு. உன் புத்தகத்துல அதுக்கு இடம் இருக்குல்ல?

— கைப்பிழைன்னா இருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி திருத்தலாம். ஆனா, நீயா இதைச் சொல்ற?

— அவளைப் பாத்தப்புறம் எது நியாயம்னு எனக்குச் சத்தியமாத் தெரியல. ஒண்ணு மட்டும் தெரியுது. நீ ராப்பகலா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்க. கைதவறி நடந்ததை நியாயம்னு நான் கொண்டாடினா, சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிட்டுப் போயிடலாமே. ஒரு புள்ளையோட வாழ்க்கை தாள் மாறினதுல முடியக் கூடாது, தாயே. திருத்திடு.

— பேனாவைக் குடு.

— இந்தா. ஏய், ஏய், அது இல்ல! நீ வாசிச்ச தாள் அது!

— போட்டாச்சு. இனி நானே நெனச்சாலும் மாத்த முடியாது.

— உனக்குப் பைத்தியமா? கைப்பிழைன்னு தெரிஞ்சும் எதுக்குப் போட்ட?

— எடுத்தப்பதான் கைப்பிழை, சாமி. மொதல் வரியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சேதான் கடைசி வரைக்கும் வாசிச்சேன்.