கோபுரத்தை இழுத்துப்போன காடு

நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, காலையிலிருந்து ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருக்கும் (குறட்டை என்று சொல்லி நான் சிறுமைப்படுத்த மாட்டேன்) அவைத்தலைவர் பெரியவர் போகுவித் அவர்களே! அளவுகோலும் கையுமாக முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் சமவெளி நாட்டு நில அளவையாளர் கிராட்சியான் அவர்களே! காளான் கூடையோடு வந்திருக்கும் தாய்மார்களே! என்மீது எறிவதற்கென்றே பீட்ரூட் சுமந்து வந்திருக்கும் ட்ரெலோவா நகரப் பெருமக்களே! காட்டுக் காவலன் ரதிபோரின் கனிந்த வணக்கம்.

தலைவரின் பழைய நாற்காலி எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். இது, நடந்துபோன காட்டுக்குப் பின்தங்கி, கடைசியாக ஊரைவிட்டுக் கிளம்பிய ஓர் ஓக் மரத்தின் கிளைகளை வெட்டி, போன வாரம் நான் அவசரமாக அடித்தது. மேடைப் பலகை போதாமல் ஈர மண்ணிலேயே போட்டிருக்கிறோம். பொறுத்தருள்க.

நம் துப்ராவியா நாட்டுக்கு எது எல்லை? மலையா? போன மழைக்கு ஒதுங்கிய மலை இன்னும் திரும்பவில்லை. ஆறா? அதைக் கரையோர மரங்கள் குடித்துவிட்டன. பாசி படர்ந்த பக்கம் வடக்கு என்பார்கள். பாசி படர்ந்த மரமே நடந்துபோனால்? மூன்றாண்டுகளாக நம்முடைய வடக்கு, மாவு மில்காரர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் கிடக்கிறது!

ஆகவேதான் நம் முன்னோரும் சமவெளிக்காரரும் ஒரே வரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். கோடைத் திருநாளில், நண்பகல் மணி ஒலிக்கையில், வேரூன்றிய ஓக் மரத்தின் நிழல் விழுகிற ஊர் துப்ராவியாவுக்கு. விழாத ஊர் சமவெளிக்கு. ஓர் இலையின் நிழல் போதும்.

இன்று கோடைத் திருநாள். நண்பகல் நெருங்குகிறது. ஊரில் ஓக் மரம் உண்டா? ஒன்றுகூட இல்லை. யாரால்? என்னால்!

அங்கே கைதட்டுவது யார்? இது கைதட்டுகிற இடமில்லை ஐயா.

வசந்தத்தில் காடு மேற்கே நகரத் தொடங்கியது. நான் என்ன செய்தேன்? கடைசி வரிசை மரங்களை நாற்பது கயிறுகளால் மணிக்கோபுரத்தோடு கட்டினேன். மணிக்காரர் டிகோனின் மனைவி ஸெலிமிரா அக்கா அன்றே கேட்டார்: "ஏன்யா ரதிபோர், மரம் இழுத்தா கோபுரம் நிக்குமா?" நான் சொன்னேன்: "கல்லு எங்கயாவது நடக்குமாக்கா? போய் வேலையப் பாருங்க."

நடந்தது! கல் நடந்தது, கோபுரம் நடந்தது, உள்ளிருந்த தலைவர் நாற்காலி நடந்தது, உச்சியில் டிகோன் அண்ணனும் போனார். போகும்போது அவர் கத்தியது என்ன? "ஸெலிமிரா, சூப்ப அடுப்புலேருந்து எறக்கி வை!"

இறங்கி வரக்கூடாதா என்கிறீர்களா? மணிக்காரர் இறங்கிவிட்டால் இந்த நாட்டில் நண்பகல் எப்படி வரும்? கடமை தவறாமல் அடிக்கிறார். ஒலிதான் நாளுக்கு நாள் தேய்கிறது. இன்று ஊர் சமவெளிக்குப் போனால் அவர் ஒரு நாடு, அவர் மனைவி ஒரு நாடு. அந்த வீட்டு வாசலை அன்று முதல் நான் தலைநிமிர்ந்து கடந்ததில்லை. வெட்கத்தால் வெந்துபோனேன்.

என்னக்கா? "அடுக்குமொழி போதும், எங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்னு சொல்லு" என்கிறீர்களா? நியாயம்.

அளவையாளர் ஐயாவும் எழுந்துவிட்டார். "பேச்ச முடிங்க, நான் கொடி நடணும்" என்கிறார். நடுங்கள் ஐயா, நடுங்கள். ஆனால்... தலைவரின் காதோரம் பச்சையாக ஏதோ ஆடுகிறதே, அது என்ன?

தளிர்! நாற்காலியின் முதுகில் ஓக் தளிர்! மணியும் அடிக்கிறது, கேளுங்கள்! நிழல் எங்கே? தலைவரின் வழுக்கையில், இரண்டு விரல் அகலம்!

"இது தலை, ஊர் இல்ல" என்கிறீர்களா ஐயா? அந்தத் தலை எந்த ஊரில் இருக்கிறது? வேர் இல்லை என்கிறீர்களா? நாற்காலியை இழுத்துப் பாருங்கள். பலமாக இழுங்கள்! வரவில்லையே! பார்த்தீர்களா மக்களே? கயிறு போட்டுக் கட்டினேன், காடு போனது. ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார், காடு வேர்விட்டது! நம் நாட்டை நான் அல்ல, நீங்கள் அல்ல, உறக்கம் காத்தது!

தலைவரே, "கூட்டம் முடிஞ்சுதா?" என்று எழுந்திருக்காதீர்கள். மணி ஓயும்வரை அசையாதீர்கள்.

அக்கா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? ஏன் அழுகிறீர்கள்? என்ன... "சத்தம் நேத்தவிடக் கிட்டக் கேக்குதுய்யா" என்கிறீர்களா?

ஆமாம். ஆமாம்! காடு திரும்புகிறது!

பொறுமையோடு கேட்ட பெருமக்களே, பீட்ரூட்டை எறியாதீர்கள். ஸெலிமிரா அக்காவிடம் கொடுங்கள், அடுப்பில் சூப்பை ஏற்றட்டும். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.