சலவைச் சோடா ட்ரம்கள்

விமானத்தில் வரும் சாமானுக்கும் கப்பலில் வரும் சாமானுக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கப்படுத்துவதிலேயே என் ஆயுளில் பாதி போய்விட்டது, சேர். நோன்பு தொடங்கிய பிறகு பெருநாள் உடுப்புக்கு ஓடர் கொடுத்துவிட்டு, கப்பல் கூலியில் விமான வேகம் கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே பொறுமையாகச் சொல்லுவேன். கல்முனைக்குடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பதியுதீன் அதிர்ந்து கதைக்கிற ஆள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

என் வேலை லேசானது. சீனாவில் சாமான் வாங்கும் சின்ன வியாபாரிகளுக்குத் தனிக் கொண்டெய்னர் கட்டுப்படியாகாது. பல பேருடைய பொதிகளைச் சேர்த்து ஒரே கொண்டெய்னரில் ஏற்றி, கொழும்பில் சுங்கத்திலிருந்து எடுத்து, லொறியில் என் ஸ்டோருக்குக் கொண்டுவருவேன். அங்கே ஒரு வழமை வைத்திருக்கிறேன். லொறி எந்த நாள் வந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை ஒரு கயிறும் அவிழ்க்கப்படாது. சாமான்காரர்கள் எல்லோரும் வந்து, துஆ ஓதி, எல்லோருடைய கண் முன்னால்தான் பிரிப்போம். அதனால் என் ஸ்டோரில் ஒருவர் பொதி மாறிப்போனது, உடைந்துபோனது என்று ஒரு வாய்த்தர்க்கம் வந்ததில்லை. அதற்கு முன் நானே ஒரு பெட்டியை நகர்த்தினாலும் ஏன் என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

போன வருடம் வேறொருவருடைய கொண்டெய்னரில் ஏதோ மருந்து கசிந்து, பிள்ளைகளின் உடுப்பெல்லாம் வீணாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு என் ஆட்கள் பயந்துபோனார்கள். ஒரு பிரிப்பு நாளில் எல்லோருக்கும் முன்னால் நின்று, என் கொண்டெய்னரில் இரசாயனம் ஏறாது என்று அல்லாஹ்வின் பெயரால் வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன்.

பிறகுதான் மருதமுனை ஸைனுலாப்தீன் வந்தார். தறிகாரர்களுக்கு நூலில் சாயம் போட்டுக் கொடுப்பவர். சாயத்தொட்டியில் ஹைட்ரோஸ் என்று ஒரு வெள்ளைத் தூள் போட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் நூலில் பிடிக்காது. கொழும்பிலும் தட்டுப்பாடு. அவரை நம்பியிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. "எப்பிடியாச்சும் கொண்டாந்து தாங்க காக்கா, நம்மட ஆக்கள் வேலையில்லாம குந்திக்கிட்டு இரிக்காங்க" என்று சொந்த அண்ணனிடம் கேட்கிற மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதர் அப்படிக் கையைப் பிடிக்கும்போது உதறிவிட என்னால் முடியாது. அது என் சுபாவம்.

ஹைட்ரோஸைப் பற்றி நீங்கள் கேட்டறிந்திருப்பீர்கள். காய்ந்து கிடக்கும்வரை அது சாதுவான தூள். ஈரம் பட்டால் சூடேறும். மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். பிறகு தானாகவே பற்றிக்கொள்ளும். அதன் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற மாதிரி. விமானக்காரர்கள் அதைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். கப்பல்காரர்கள், ஆபத்தான சாமான் என்று அறிவித்து, அனுமதி எடுத்து, தனியாக ஏற்றச் சொல்வார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

சீனாவில் இருக்கும் என் ஆளிடம், ட்ரம்களில் ஒட்டியிருந்த தீச்சுவாலைப் படத்தை உரித்துவிட்டுச் சலவைச் சோடா என்று ஒட்டச் சொன்னேன். ஸைனுலாப்தீனுக்கு அது தெரியாது. அவருக்குத் தேவை தூள். அது எப்படி வருகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரிப்புக்கு வரத் தேவையில்லை, நானே அனுப்பிவைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ட்ரம்கள் நல்லபடியாகக் கடலைத் தாண்டி வந்தன. லொறி புதன்கிழமை வந்தது. மாரி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோரின் பின்மூலையில் கூரை ஒழுகும். ஸ்டோரில் பொதி தூக்கும் முபாறக்குக்கு அது தெரியும். ஆனாலும் உடுப்புப் பொதிகளை ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, ட்ரம்களை அந்த மூலையில் அடுக்கினான். சோடாத்தானே, இரும்பு ட்ரம்தானே என்று நினைத்திருப்பான். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஒரு ட்ரம்மின் மூடி நசுங்கியிருந்ததை நான் கண்டேன். இடம் மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முன் எதையும் தொடுவதில்லை என்ற வழமை நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

முபாறக் என்னிடம் நெடுங்காலம் வேலை செய்தவன். எத்தனை பாரமான பொதியையும் முகம் சுளிக்காமல் தூக்குவான். அவனை எனக்குப் பிடிக்கும், சேர். இப்போதும் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை துஆ முடிந்து ஆமீன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புகை தெரிந்தது. சாய்ந்தமருதில் கல்யாண உடுப்புக் கடை வைத்திருக்கும் நதீராதான் முதலில் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன காக்கா இது, தொண்டையெல்லாம் எரியிது. அந்த ட்ரம்முக்குள்ள என்ன இரிக்கி?"

"சலவைச் சோடா, தங்கச்சி. மழ ஈரம் பட்டிருக்கும்" என்றேன்.

முபாறக் அதற்குள் வாளியோடு நின்றான். "தண்ணி ஊத்தட்டா காக்கா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சலவைச் சோடாவுக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று ஒருவன் என்ன நியாயம் சொல்லித் தடுப்பான்? அல்லாஹ்வின் பெயரால் கொடுத்த வாக்கு, அத்தனை பேர் முன்னால். என்னை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஊத்து தம்பி" என்றேன்.

உடனே மற்ற எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நதீராவையும் வயதானவர்களையும் நானே கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். முபாறக்கை மட்டும் கூப்பிடவில்லை. ஊற்ற ஒரு ஆள் வேண்டுமே.

சத்தம் பெரிதாக இல்லை. மூலை முழுக்க ஒரே வெளிச்சம். பிறகு மஞ்சள் புகை. வாசலில் நின்றவர்கள் ஈரச் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு போய் அவனை இழுத்து வந்தார்கள். மற்ற ட்ரம்களின் மூடி இறுகியிருந்ததால் நெருப்பு மூலையைத் தாண்டவில்லை. நதீராவின் உடுப்பில் ஒரு கறையும் படவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கைகளுக்கு மருந்து கட்டினார்கள். இருமல் இருந்தது, ஆனால் கதைத்தான். டொக்டர் இளம் பிள்ளை, நல்ல பொறுப்பு. "என்ன தூள் எண்டு சரியாச் சொல்லுங்க. சில தூள்ட புகை எண்டா இப்ப சுகம் மாதிரி இருக்கும், பிறகு நெஞ்சுக்குள்ள நீர் கட்டிடும். அப்பிடி எண்டா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றார். நதீரா பக்கத்தில் நின்றாள். முபாறக்கின் மனைவி ஜுனைதாவும் நின்றாள்.

"சலவைச் சோடா" என்றேன்.

டொக்டருக்கு முகம் தெளிந்தது. சாதாரண வார்டில் போட்டார்கள். நதீரா வீட்டுக்குப் போனாள். ஜுனைதா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் டொக்டர் திரும்பி வந்தார். "வேற ஒண்டும் அதில கலந்திருக்கல்லதானே?" என்று கேட்டார்.

அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. இதைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள், தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று. ஆனால் நான் என்ன செய்ய? அந்த டொக்டரிடம் மாற்றிச் சொன்னால், ஸ்டோரில் சொன்னது என்னவாகும்? முதலில் சொன்ன சொல்லோடு நிற்கிறதைத் தவிர எனக்கு வழி இருக்கவில்லை. "ஒண்டும் இல்ல" என்றேன்.

மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் முபாறக் மௌத்தாகிவிட்டான். ஜனாஸாவின் முன்பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். அழாமல் இருக்க முடியவில்லை. மையவாடியில் அடக்கும்போது ஸைனுலாப்தீன் என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அது தன்னுடைய ட்ரம்தான் என்று விளங்கி அவர்தான் பொலிஸில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. மனிதர் தன் மனதின் பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்தானே.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். ஊற்றச் சொல்லும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டொக்டர் கேட்டபோது அவனைக் காப்பாற்ற ஒரு சொல் போதும் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், ஒப்பமிடுகிறேன்.

ஜுனைதாவுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்லிவிட வேண்டும், சேர். எங்கள் ஆட்கள் ஹஜ்ஜுக்குப் போகும்போதும் நோயில் படுக்கும்போதும், செய்த பிழைகளுக்கு மற்றவர்களிடம் பொருத்தம் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் மன்னித்துப் பொருந்திக்கொள்ளாவிட்டால் அது மறுமைவரை நிற்கும். டொக்டர் போன பிறகு முபாறக் என்னைக் கிட்டக் கூப்பிட்டான். இருமலுக்கு நடுவே, "நான் பாத்து வெச்சிருந்தா இப்பிடி நடந்திரிக்காது. ஒங்கட ஸ்டோரையும் பேரையும் கெடுத்துட்டன் காக்கா. என்னப் பொருந்திக்கங்க" என்றான். ஜுனைதா தேத்தண்ணியோடு வந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் என்று அவள் காதில் விழவில்லை. அவன் பொருத்தம் கிடைக்காமலே போய்விட்டானோ என்று யோசித்து அழுகிறாளாம்.

அவள் கவலைப்படத் தேவையில்லை என்று சொல்லுங்கள். நான் முழு மனதோடு அவனைப் பொருந்திக்கொண்டேன்.