மாற்றக்கூடாத கதவு

அதிகாரி: தொடாதீங்கம்மா! அந்தக் கதவைத் தொடாதீங்க!

வீட்டம்மா: என் வீட்டு வாசக்கதவு சார். தொடாம எப்படித் தொறக்கிறது?

அதிகாரி: வீடு உங்களோடதுதான். ஆனா இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். கதவு, ஜன்னலெல்லாம் எங்க துறையோட பொறுப்பு.

வீட்டம்மா: ஒழுகுற கூரை?

அதிகாரி: அது உங்க பொறுப்பு.

வீட்டம்மா: நல்லாப் பங்கு பிரிச்சிருக்கீங்க.

அதிகாரி: சரி, கதவை எதுக்கு அகலமாக்கணும்னு...

வீட்டம்மா: இன்னும் எத்தனை தடவை சார்? உங்க ஆபீசுக்கு நடையா நடந்து செருப்பே தேஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரர் விழுந்ததுல இடுப்பு போயிடுச்சு. இனிமே வீல்சேர்தான். அது இந்த வாசல்ல நுழையாது. மனுஷன் எங்க நாத்தனார் வீட்டுல கிடந்து, என் வீட்டுக்கு எப்பப் போவேன்னு சின்னப் புள்ளையாட்டம் அழறாரு.

அதிகாரி: இந்த வீட்டைக் கட்டுன காலத்துல வீல்சேர் இல்லையேம்மா.

வீட்டம்மா: அப்போ உங்க ஆபீசும்தான் இல்ல.

அதிகாரி: தூக்கிட்டு வந்துடலாமே?

வீட்டம்மா: தாராளமா. ஒரு பக்கம் நீங்க பிடிங்க.

அதிகாரி: கோவப்படாதீங்க, பார்க்கத்தானே வந்திருக்கேன்... ஆஹா! இந்த மரத்தைப் பாருங்க. எத்தனை மழை, எத்தனை வெயில் பார்த்திருக்கும்!

வீட்டம்மா: பார்த்திருக்கும்... பார்த்திருக்கும்.

அதிகாரி: இப்படி இழைக்க இன்னிக்கு எவன் இருக்கான்?

வீட்டம்மா: யாருமே இல்ல சார். தேடித் தேடிப் பார்த்தா... இல்ல, தேடினாலும் கிடைக்கமாட்டாங்க.

அதிகாரி: டீ வாசனை வருதே?

வீட்டம்மா: உங்களுக்குத்தான் அடுப்புல வச்சிருக்கேன்.

அதிகாரி: கதவுலேர்ந்துல்ல வருது?

வீட்டம்மா: காத்து... சுத்திக்கிட்டு வருது.

அதிகாரி: ம்... அகலத்தை அளக்கணும். அடடா, டேப்பை மறந்துட்டு வந்துட்டேன்.

வீட்டம்மா: அப்பாடா!

அதிகாரி: என்னம்மா?

வீட்டம்மா: அடடான்னு சொல்ல வந்தேன்.

அதிகாரி: பரவால்ல. பார்த்தாலே தெரியுது, ரொம்பக் குறுகல்.

வீட்டம்மா: நானே ஒருக்களிச்சுத்தான் சார் நுழையறேன்.

அதிகாரி: இப்ப நாம ரெண்டு பேரும் இதுக்குள்ள பக்கத்துல பக்கத்துலதானே நிக்கிறோம்?

வீட்டம்மா: ...நீங்க ஒல்லி சார்.

உள்ளேயிருந்து குரல்: அடியே, வாசல்ல யாரு?

அதிகாரி: யாரும்மா அது?

வீட்டம்மா: ரேடியோ சார்.

அதிகாரி: அடியேன்னு கூப்பிடுது?

வீட்டம்மா: நாடகம் போடுறான்.

உள்ளேயிருந்து குரல்: சக்கரம் பாயில மாட்டிக்கிச்சு, வந்து எடுத்து விடேன்!

அதிகாரி: நல்ல நாடகம். தினமும் கேளுங்க... சரிம்மா, முடிவைச் சொல்லிடறேன். அனுமதி கிடையாது.

வீட்டம்மா: சார்!

அதிகாரி: இந்தக் கதவு இப்ப எப்படி இருக்கோ அப்படியேதான் இருக்கணும். ஒரு அங்குலம்கூட யாரும் மாத்தக்கூடாது. உங்க வீட்டுக்காரரே வந்து கேட்டாலும் சரி.

வீட்டம்மா: இப்ப இருக்கிற... அகலத்துலயேவா?

அதிகாரி: இருக்கிற அகலத்துலயே. அழறீங்களா, சிரிக்கிறீங்களா?

வீட்டம்மா: தெரியல சார்... ரெண்டும் சேர்ந்து வருது.

அதிகாரி: அனுமதி கொடுத்தேன்னு வைங்க, வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு பார்க்க ஒரு கமிட்டியே டேப்போட வரும். மறுத்துட்டா ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. மாறாத கதவுல பார்க்க என்ன இருக்கு?

வீட்டம்மா: சார், போன வாரமே நாங்க இதை...

அதிகாரி: எதையும் என் காதுல போடாதீங்க. டீத்தண்ணி பூசினா புது மரமும் பழசாட்டம் தெரியும்னெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பழைய கதவு.

வீட்டம்மா: நீங்க நல்லா இருக்கணும் சார். இப்படி இன்னும் யார் யாருக்கெல்லாம் மறுத்திருக்கீங்க?

அதிகாரி: முதல் மறுப்பு எங்கம்மாவுக்குத்தான். மூச்சு முட்டுது, ஜன்னலைப் பெருசாக்கணும்னு எழுதிக் கேட்டாங்க. முடியவே முடியாதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்... அன்னிலேர்ந்து நிம்மதியாத் தூங்கறாங்க, நல்லா காத்து வருதாம்.