ஒதுங்கிப் போகும் ரயில்கள்

கம்ப்யூட்டர் ஓட்டும் ரயில்களுக்கு ரோஷமே கிடையாது, ஐயா. எங்கள் பயிற்சிக் கூடத்தில் புதிய டிரைவர்கள் என்ஜின் மாதிரியே செய்த ஓர் அறைக்குள் உட்கார்ந்து, திரையில் தெரியும் தண்டவாளத்தில் ரயில் ஓட்டுவார்கள். அதே பாதையில் போகும் மற்ற ரயில்களைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அந்த ரயில்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு விநோதக் குணம். பின்னால் நம்முடைய ஆள் வருகிறார் என்று தெரிந்தால் போதும், முன்னால் போகும் ரயில் மாமியாரைக் கண்ட புது மருமகளைப் போல் பக்கத்துப் பாதையில் ஒதுங்கிவிடும். மஞ்சள் விளக்கு உடனே பச்சையாகிவிடும். பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது.

அது ஆபத்தான பழக்கம். மஞ்சளைக் கண்டால், யோசிப்பதற்கு முன்பே கை பிரேக்குக்குப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் அந்தக் குணத்தை நானே அணைத்து வைப்பேன். என் தங்கையின் கணவருக்கு மட்டும் அணைக்கவில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிதர், சிரித்த முகம். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். அவளுக்காகத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். கல்யாணத்தன்று அவர் என் தோளைத் தட்டி, "மச்சான், இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல. நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தேர்வில் அவருக்குத் தேர்ச்சி போட்டதும் நான்தான். அந்த வாரமே தங்கையின் பழைய அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன்.

தனியாக ஓட்டிய முதல் சரக்கு ரயிலிலேயே அவருக்கு மஞ்சள் விழுந்தது. பச்சையாகும் என்று வேகத்தைக் குறைக்காமல் போயிருக்கிறார். சிவப்பைக் கண்டபோது பிரேக் போட்டும் பயனில்லை. முன்னால் நின்ற பயணிகள் ரயில் ஒதுங்கவில்லை. அதன் கடைசிப் பெட்டியில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்களாம். அது எனக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாளாக இருந்திருக்கலாமே என்று நினைத்திருப்பேன்.

மாப்பிள்ளையின் காரியம் முடிந்ததும் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அண்ணா, அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'உங்கண்ணன் ரயிலுக்கெல்லாம் என்ன மரியாதை, என்னைப் பாத்தாலே ஒதுங்கிடுது'ன்னு. கூடப் படிச்சவங்கள விசாரிச்சேன். அவங்களுக்கு ஒண்ணுகூட ஒதுங்கலையாமே?"

சாப்பாடு ஆறிவிடும், முதலில் சாப்பிடு என்றேன்.

ஆமாம் இன்ஸ்பெக்டர் ஐயா, தெரிந்தேதான் செய்தேன். புகாரில் இருப்பது அவள் கையெழுத்துதான். யாரோ தூபம் போட்டிருப்பார்கள், பாவம், அவளுக்குச் சூதுவாது தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே, கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் காத்திருப்பாள்.