கூடைக்குள்ளிருந்து ஒரு நக்கல்

வேங்கிக்காலில் டவுன் பஸ் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் ஒயர் கூடை, அதற்குள் ஒரு பூனை. கூடையின் ஓட்டை வழியாக அது என் விரலை நக்கிய நேரம் பார்த்துத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"நக்குனாலே தொத்திக்கும்னாரே டாக்டர், அந்த ரத்தப் புத்துநோய் வைரஸு."

சட்டைப் பையிலிருந்த கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து விரல் முழுக்க அப்பிக்கொண்டேன். என் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்த போட்டோ எடுப்பாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"பூனைக்குப் பூனைதான் தொத்தும். மனுஷனுக்கு வராதுன்னும் சொன்னாருல்ல," என்றார் கணவர்.

விரலிலிருந்த விபூதியை பக்தியோடு நெற்றிக்கு மாற்றினேன்.

"மொத தபா ரத்தம் பாத்து இருக்குதுன்னப்ப எனக்குச் சோறே எறங்கலங்க."

"அதான் இப்ப மறுபடியும் பாத்து இல்லன்னுட்டாங்களே. சில பூனைங்களுக்கு ஒடம்பே அதை அமுக்கிடுமாம். வீட்ல இருக்கற அதோட குட்டிக்கும் தொத்தல. இன்னும் என்னா?"

"அப்ப ரெண்டையும் ஒண்ணா வுட்டுடலாமா?"

"டாக்டரே வுடச் சொல்லிட்டாரு. மூணு மாசமா கதவுக்கு அந்தாண்ட இதுவும் இந்தாண்ட குட்டியும் மூக்கை வெச்சிகினு கெடக்குதுங்க. போனதும் மொதல்ல அந்தக் கதவைத் தொற. காபி அப்புறம் போட்டுக்கலாம்."