விடியலில் வாய் திறக்கும் மீன்கள்

அவைக்குத் தலைமையேற்று, 'மீன்களின் தோழர்' என்னும் பட்டத்தையும் இன்று ஏற்கவிருக்கும் என் பெரியப்பா அவர்களே! நடைப்பயிற்சிச் சங்கத்து மூத்தோரே! முழங்கால் வலியை முந்திக்கொண்டு நடக்கும் தாய்மார்களே! வணக்கம்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். குளத்து நீரைப் படிக்கிறவள் நான். வாழ்த்தத்தான் வந்தேன். குளம் விடவில்லை.

விடியற்காலை. ரொட்டிப் பையோடு பெரியப்பா கரையில். மீன்கள் திரண்டு மேலே வருகின்றன. வாய் திறக்கின்றன. மூடுகின்றன. "பாத்தியா, என்னைப் பாத்ததும் எப்படி ஓடி வருதுங்க! பெத்த பிள்ளை வருமா?" என்பார். பெற்ற பிள்ளை முன்வரிசையில்தான் இருக்கிறார். முறைக்காதீர்கள் அண்ணா.

அன்பால் வருகின்றனவா? ஆசையால் வருகின்றனவா? அன்பர்களே, அவை மூச்சுக்கு வருகின்றன!

குளத்தின் பச்சை அழுக்கல்ல. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள். பகலெல்லாம் வெயிலில் ஆக்சிஜன் சமைக்கின்றன. மாலையில் பானை நிறைகிறது. இருட்டினால் அடுப்பு அணைகிறது. பசி அணையுமா? சமைத்த உயிரும் தின்கிறது, மீனும் தின்கிறது, சேறும் தின்கிறது. விடியும்போது பானை காலி. சரியாக அப்போது போய் நிற்கிறோம். ரொட்டியோடு! மிஞ்சிய ரொட்டி அழுகும். அழுகுவதற்கும் ஆக்சிஜன்தான் வேண்டும்.

என்ன அத்தை?

"அந்தச் சிவப்பு மீன் என் குரலுக்குத்தான்டி வரும்!"

நாளைக்குப் பேசாமல் நின்று பாருங்கள். அப்போதும் வரும்.

பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் நாளை காலை மீன்களுக்கு ஆளுக்கொரு ரொட்டி என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. அத்தனையும் குளத்தில் விழுந்தால் என்ன ஆகும்? தோழர் இருப்பார். மீன் இருக்காது.

கேட்பது இதுதான். ரொட்டி வேண்டாம். மாலையில் குளத்து நடுவே அழகுக்கு ஓடும் நீரூற்று மோட்டார், விடியலுக்கு முன்பே ஓடட்டும். தண்ணீர் காற்றைக் குடிக்கட்டும்.

"அப்ப என்னைப் பாக்க வராதா?"

பெரியப்பா மெதுவாகத்தான் கேட்டார். மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வராது பெரியப்பா. நீங்கள் கரையில் நிற்பீர்கள். அது பாட்டுக்கு அடியில் திரியும். கூப்பிட்டாலும் வராது. ஏறெடுத்தும் பார்க்காது. மூச்சு முட்டாத மீனுக்கு நம் முகம் எதற்கு? நம்மை மறந்து அது நீந்தும் காலை எதுவோ, அந்தக் காலையில்தான், அந்தக் காலையில் மட்டும்தான், நீங்கள் மீன்களின் தோழர்!

பெரியப்பா எழுந்துவிட்டார். பொறுங்கள், ஏதோ சொல்கிறார்.

"மோட்டார் சாவி யார்கிட்டப்பா இருக்கு?"

கைதட்டலை அவருக்கே கொடுத்து, கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். நாளை காலை கரையில் பார்ப்போம், வெறுங்கையோடு. வணக்கம்.