ஒரே ஒரு ஊது

பிரீடா: எவ்வளவு நேரம்டி இந்தச் சமையல்கட்டுலயே ஒளிஞ்சிருப்ப, ஊனா?

ஊனா: ஒளியல அக்கா. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறேன்.

பிரீடா: அதுக்கு அக்கம்பக்கத்து ஆளுங்க இருக்காங்க. முன்னறைல அப்பாவைக் கிடத்தியிருக்கு. பாதி கெர்ரி மாவட்டமும் வந்து உக்காந்திருக்கு. அப்பாவைப் பாக்கவா, டப்ளின் நடிகையைப் பாக்கவா... அதுதான் தெரியல.

ஊனா: நான் அழுறதைப் பாக்க.

பிரீடா: அழேன்! முப்பது வருஷமா அதானே உன் வேலை? பக்கத்து வீட்டு ஹர்லி பெண்டாட்டி உனக்குன்னே ஒரு கைக்குட்டை கொண்டுவந்திருக்கா.

ஊனா: அழுதா, நடிக்கிறான்னு சொல்வாங்க. அழலைன்னா, கல்லுன்னு சொல்வாங்க.

பிரீடா: சரி... படத்துல எப்படித்தான் அழுவ?

ஊனா: ஒரு கண்ணாடிக் குழாய். விரல் நீளம் இருக்கும். உள்ள மெந்தால் கட்டி, ரெண்டு முனையிலயும் மெல்லிசு துணி. ஒப்பனைக்காரி பக்கவாட்டுல நின்னு ஊதுவா. காத்து மட்டும்தான் கண்ணுல படும். மூணு எண்ணுறதுக்குள்ள தண்ணி முட்டும். அப்போ வசனத்தை ஆரம்பிச்சா, முடியும்போது சரியா கன்னத்துல இறங்கும்.

பிரீடா: எல்லாப் படத்துலயும் அந்தக் காத்துதானா?

ஊனா: முதல் ரெண்டு படத்துல நிஜமாவே அழுதேன். ஆனா ஒரே அழுகையைப் பதினேழு தடவை எடுப்பாங்க அக்கா. மூணாவது தடவையிலயே வத்திப்போயிடும்.

பிரீடா: அப்புறம்?

ஊனா: அப்புறம் படத்துக்கு வெளியிலயும் அழுகை வரல. கட்டின புருஷன் டெக்லன் என்னை விட்டுட்டுப் பெட்டியோட கிளம்பினான் பாரு, அன்னிக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? வெளிச்சம் எந்தப் பக்கமா விழுதுன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.

பிரீடா: அடிப்பாவி...

ஊனா: காலைல இருந்து அப்பா முகத்தையே பாக்குறேன். ஒரு சொட்டு வரல. அலுத்துப்போச்சு அக்கா.

பிரீடா: அந்தக் குழாய்... இப்போ இருக்கா?

ஊனா: கைப்பைல. ரயிலுக்குக் கிளம்பும்போது எடுத்துப் போட்டுக்கிட்டேன். திட்டாதே! அப்பாவுக்கு அதை வெச்சு அழ மாட்டேன். கல்லுன்னே சொல்லட்டும்.

பிரீடா: பாதர் வந்தாச்சு. இப்போ ஜெபமாலை ஆரம்பிச்சுடுவாங்க. அந்தக் கதவைச் சாத்து.

ஊனா: எதுக்கு?

பிரீடா: என் கண்ணுல ஊது.

ஊனா: உனக்கா! அப்பாவை ஒன்பது வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி விட்டு...

பிரீடா: அதனாலதான்டி. நேத்து மூச்சு நின்னதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இனிமே ராத்திரி முழுசாத் தூங்கலாம்னு. ...ம், ஊது.